பர்மா தேக்கும் அலுமினிய ஜன்னலும்: எங்க வீட்டு வாசல் கதை

போன வாரம் வீட்டு ஜன்னலைப் போட்டோ எடுத்து நாலைந்து பேருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டுவிட்டார். "என்ன அண்ணாச்சி, நீங்களுமா? அந்தப் பழைய வீட்டுல போயி அலுமினியமா? எப்படி மனசு வந்துச்சு?"

அவர் ரெண்டு வருசத்துக்கு முந்தி குடும்பத்தோடு வந்து எங்க வீட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்கிவிட்டுப் போனவர். வாசக்காலைத் தடவித் தடவிப் பார்த்தவர். அவர் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. "வாங்க, வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் ஒரு வரியில் அடங்காது. அந்த வீட்டு வாசல் எங்கே இருந்து வந்தது என்று தொடங்கித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்க ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆத்தை ஒட்டி. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான ஆட்களோடு மாட்டிக்கொண்டதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அன்று ராத்திரி எங்க வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மட்டுப்பாவில் ஏறி உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வடிய ரெண்டு நாள் ஆனது. சேறு வழிக்க ஒரு வாரம்.

சேறு போன பிறகுதான் கதவு ஜன்னலைப் பார்த்தேன். முன்வாசல் தேக்குக் கதவு உப்பிப்போய் நிலைக்குள் அடங்காமல் நின்றது. பட்டாசல் ஜன்னல்கள் நாலும் வேம்பு. கீழ்க்கட்டை ஏற்கனவே கரையான் தின்று கோறையாக இருந்தது, வெள்ளம் மிச்சத்தையும் கரைத்துவிட்டது. அடுப்பங்கரை ஜன்னல்கள் ரெண்டும் அப்படித்தான். பத்து வருசத்துக்கு முன்னால் குளியலறைக்குப் போட்ட பிளைவுட் கதவு, நனைந்த புஸ்தகம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது.

தேக்குக் கதவைக் கழற்றவில்லை. "ஒண்ணும் செய்யாதீங்க, தானா காயட்டும்" என்றார் ஆசாரி. மாசி பிறக்கிறதுக்குள் காய்ந்து, பழையபடி நிலைக்குள் போய் அமர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் விறகு. ஆக, ஆறு ஜன்னலும் ஒரு குளியலறைக் கதவும் புதிதாக வேண்டும். அங்கேதான் இந்தப் பேச்சு ஆரம்பித்தது.

இனி பழைய கதைக்கு வருகிறேன். எங்க வீட்டைப் பார்க்கிற பட்டணத்து ஆட்கள் எல்லாரும் அந்தத் தேக்குக் கதவைத்தான் 'நம்ம பாரம்பரியம்' என்று சொல்வார்கள். அந்தக் கதவுக்கு வயசு நூறுகூட ஆகவில்லை. 1936-ல் எங்க தாத்தா தூத்துக்குடி மர டிப்போவில் பார்த்து வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது. மரம் இந்த ஊர் மரமும் இல்லை. கடல் தாண்டி வந்த பர்மா தேக்கு.

அதற்கு முந்தி இந்தப் பக்கம் வீடு என்றால் உள்ளூர் மரம்தான். கூரைக்குப் பனங்கை. வைரம் பாய்ந்த கிழட்டுப் பனையைக் கரையான் லேசில் தொடாது. நிலைக்கும் கதவுக்கும் வேம்பு, பூவரசு, மஞ்சணத்தி, வசதி இருந்தால் பலா. கீல் கிடையாது. கதவுப் பலகையின் மேலேயும் கீழேயும் குடுமி விட்டுச் செதுக்கி, கீழ்க்குடுமியை ஒரு கல்லுக் குழியில் உட்கார வைப்பார்கள். அதில்தான் கதவு சுழலும். அதற்கும் வழி இல்லாதவர்கள் வீட்டில் கதவே இல்லை; பனையோலையோ விளாரோ வைத்துக் கட்டிய தட்டி. நாய் வராமல் இருந்தால் போதும் என்கிற அளவுக்குத்தான். மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில், ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் ஓடு வேய்ந்த வீடு கட்டவே தடை இருந்த காலம் அது. நல்ல வாசல் என்பது எல்லாருக்கும் கிடைத்த பொருளே இல்லை. 'அந்தக் காலத்து வீடு' என்று நாம் கொண்டாடுவதெல்லாம் அந்தக் காலத்தில் ஒரு சிலர் வீடு.

ஜன்னல் கதை இன்னும் சுவாரசியம். பழந்தமிழில் அதற்குக் காலதர் என்று ஒரு சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி. சாளரம் என்றும் சொன்னோம். இன்றைக்கு எல்லார் வாயிலும் இருக்கிற ஜன்னல் போர்த்துக்கீசியச் சொல். அவர்கள் பாஷையில் ஜனேலா. சாவியும் அவர்கள் கொடுத்ததுதான். 1530-களில் அவர்கள் நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்தார்கள். தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலில்தான் 1586-ல் 'அடியார் வரலாறு' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சடித்தார்கள். எங்க ஊரிலிருந்து ஆத்தோடு போனால் வருகிற இடம். வீட்டில் இருந்த பொருளுக்கே வெளியூர்ப் பேர் வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அடுத்து வந்தது ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கினார்கள். அது பரவி, ஓலைக் கூரை போய் 'மங்களூர் ஓட்டு வீடு' வந்தது. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. 1904-ல் செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் போனது. மலை மரம் கீழே இறங்கவும், கப்பல் மரம் உள்ளே போகவும் பாதை திறந்துவிட்டது.

பர்மா தேக்கு பெருவாரியாக வந்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்று ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, மேல் பர்மாவில் தேக்கு வெட்டிக்கொண்டிருந்தது. வெட்டிய கட்டையைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று 1885-ல் பர்மா அரசாங்கம் 23 லட்ச ரூபாய் அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். மன்னர் திபாவை ரத்தினகிரிக்கு நாடு கடத்திவிட்டு மொத்த பர்மாவையும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு தேக்குக்குத் தடை ஏது? இந்தப் பக்கத்து ஆட்கள் வட்டித் தொழிலுக்கும் வயல் வேலைக்கும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார்கள். அந்தப் பக்கத்துத் தேக்கு இங்கே கப்பல் ஏறியது. தூத்துக்குடியில் அப்போது ஆழம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, தோணியில் சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள்.

இதே கம்பெனிதான் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 8,373 ஏக்கர் மலையை 99 வருசக் குத்தகைக்கு எடுத்தது. நீங்கள் டூர் போகிற மாஞ்சோலை அதுதான். அங்கே காட்டை அழித்துத் தேயிலை போட்டார்கள். எங்க வயலுக்குத் தண்ணீர் அனுப்புகிற மலை அது. பர்மாவில் தேக்கு வெட்டின கம்பெனியே இங்கேயும் கையை வைத்திருக்கிறது என்று எங்க தாத்தாவுக்குத் தெரிந்திருக்குமா, தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது கதவு நல்ல கதவு என்பது மட்டும்தான்.

அவருடைய அப்பாவுக்கு அதுவும் பிடிக்கவில்லையாம். ஆச்சி இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். வண்டியிலிருந்து நிலையை இறக்கும்போது கிழவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஏல, வயக்காட்டுல வேம்பு நிக்கி, பூவரசு நிக்கி. கப்பல்ல வந்த மரத்துல வாசல் வச்சா வீடு நெலைக்குமால?" என்று கேட்டாராம். நிலை வைக்கிற அன்றைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கக்கூட எழுந்து வரவில்லையாம். சென்னை நண்பர் போனில் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கிழவர்தான்.

தேக்குக் காலம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்துவிட்டான். நம்ம ஜனங்கள் காட்டு வழியே நடந்தே திரும்பி வந்தார்கள். மரம் வருவது நின்றது. 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, மிச்சம் இருந்த தமிழர்களும் கிளம்ப வேண்டியதாயிற்று. இங்கே நம்ம மலையிலும் காட்டைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. 1962-ல் முண்டந்துறை சரணாலயம், 1976-ல் களக்காடு, ரெண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம். நீலகிரி மாவட்டம் கூடலூரில் காடு அழிவதைப் பற்றிக் கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவு நாடு முழுக்க இஷ்டத்துக்கு மரம் வெட்டுவதற்குப் பூட்டுப் போட்டது. மரம் விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த உத்தரவைக் குறை சொல்ல மாட்டேன். மேலே காடு இருந்தால்தான் கீழே எங்களுக்குக் கார்சாகுபடி.

இப்போது அலுமினியம். இது நேற்று வந்த பொருள் என்று நினைக்காதீர்கள். எங்க ஊருக்கு மூன்று தடவை, மூன்று வேஷத்தில் வந்திருக்கிறது.

முதல் தடவை சட்டியாக. ஒரு காலத்தில் இது தங்கம் வெள்ளிக் கணக்கில் வைத்துப் பேசப்பட்ட உலோகம். 1884-ல் அமெரிக்காக்காரர்கள் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பெருமையாக வைத்தது ஒரு சின்ன அலுமினியப் பிரமிடு. ரெண்டே வருசத்தில், 1886-ல், அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எருவும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள்: பாக்சைட்டிலிருந்து எடுத்த அலுமினாவை உருக்கிய உப்பில் கரைத்து, அதில் மின்சாரத்தைப் பாய்ச்சுவது. விலை சரிந்தது. 1898-ல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர், பித்தளை தட்டுகிற கன்னார்களை வைத்தே அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். இவரே பிற்பாடு எண்ணெய் எஞ்சினை வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதைப் பிரபலப்படுத்தினவர். விவசாயி என்ற முறையில் அவருக்கு ஒரு கும்பிடு. பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், புளி போட்டுத் துலக்க வேண்டும். அலுமினியத்துக்கு ரெண்டும் வேண்டாம். ஏழை வீட்டு அடுப்பில் அது ஏறிவிட்டது.

ரெண்டாவது தடவை கம்பியாக. 1943-ல் ஆலுவா பக்கம், பள்ளிவாசல் நீர்மின்சாரத்தை வைத்து இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை ஓடியது. 1965-ல் மேட்டூரில் மால்கோ வந்தது; சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட், மேட்டூர் மின்சாரம். 1970-ல் மத்திய அரசு ஒரு கட்டுப்பாடு போட்டது: உற்பத்தியில் பாதி, மின்கம்பிக்கு ஆகிற தரத்தில் இருக்க வேண்டும். கிராமத்துக்குக் கரண்டு கொண்டுபோக அந்தக் கம்பிதான் வேண்டும். பாபநாசத்தில் 1944-லேயே மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அது எங்க பம்புசெட்டுக்கு வந்து சேர்ந்தது அலுமினியக் கம்பி வழியாகத்தான். கமலை இறைத்த எங்க அப்பாவின் தோள் காய்ப்பு மறைந்தது அந்தக் கம்பியால்.

மூன்றாவது தடவைதான் ஜன்னல். ரெண்டாம் உலகப் போரில் விமானத்துக்காகப் பெருத்துப்போன அலுமினிய ஆலைகள், போர் முடிந்ததும் வேறு வியாபாரம் தேடின. மேல்நாட்டில் ஜன்னல் சட்டம் அப்படிப் பரவியது. அலுமினியக் கட்டியைச் சூடாக்கி, அச்சு வழியாக, இடியாப்பம் பிழிகிற மாதிரி பிழிந்தால் வேண்டிய உருவத்தில் நீளமாக வரும். அதை வெட்டி மூட்டினால் ஜன்னல். நம்ம நாட்டில் அரசுக் கட்டுப்பாடு 1989-ல் நீங்கியது. ஒடிசாவில் நால்கோ ஆலையும் அதே சமயத்தில் உற்பத்திக்கு வந்துவிட்டது. முதலில் பேங்க், ஆஸ்பத்திரி, நகைக்கடை. பிறகு பாளையங்கோட்டை வீடுகள். இப்போது எங்க தெரு.

இந்தத் தடவை யார் வீட்டுக்கு முதலில் வந்தது என்று கவனித்தேன். பெரிய வீடுகளுக்கு இல்லை. தட்டி கட்டியிருந்த வீடுகள் அரசு உதவியில் கான்கிரீட் ஆனபோது, அவர்கள் கட்டின கக்கூசுக்கும் குளியலறைக்கும் வந்த கதவு, அலுமினியச் சட்டத்தில் பலகை அடைத்த கதவுதான். உள்ளே தாழ்ப்பாள் போடுகிற கதவு. விடியுமுன் எழுந்து ஓடைக்கரைக்குப் போன பெண்களுக்கு அது என்ன என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். இதைப் பார்த்த பிறகு அலுமினியத்தை மட்டமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அதற்காக மரம் மட்டம் என்றும் சொல்லவில்லை. கடனாநதி வந்து கலக்கிற திருப்புடைமருதூருக்குப் போயிருக்கிறீர்களா? நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஓவியத்தோடு மரச் சிற்பங்களும் இருக்கின்றன. நூற்றாண்டுகள் தாண்டி நிற்கின்றன. மழை படாது, மண் ஒட்டாது, அதனால் நிற்கின்றன. மரத்தை வயசு கொல்லாது. தண்ணீரும் கரையானும்தான் கொல்லும். எங்க ஆசாரியும் இதையேதான் சொன்னார்: "அண்ணாச்சி, நனையாத எடத்துல மரம் வைங்க. நனையுற எடத்துல என்னைக் கூப்பிடாதீங்க."

அந்தக் கணக்கில்தான் முடிவு செய்தோம். தேக்கு வாசல் அப்படியே இருக்கும். ஜன்னலும் குளியலறையும் அலுமினியம்.

வாங்கப் போனபோது கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு சட்டத் துண்டை ஒரு கடையில் தராசில் வைக்கச் சொன்னேன். ஒன்று கால்வாசி எடை குறைவு. சதுர அடிக் கணக்கில் விலை சொல்லும்போது சட்டத்தின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி வாங்க வேண்டும். நகர்த்துகிற மாதிரி ஜன்னல் வைத்தால் எப்போதும் பாதிதான் திறக்கும். காற்று வரும் வழி என்பது பாதி வழியாகிவிடும். ஆனி ஆடியில் அடிக்கிற மேக்காத்துப் புழுதி கீழ்த் தண்டவாளத்தில் அடைத்து, சக்கரமும் ஓடாது. அதனால் பட்டாசலுக்கு வெளியே திறக்கிற மாதிரி வைத்தேன். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பார்க்க வேண்டும். ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் அலுமினியத்தைத் தின்னும். பூச்சும் வெள்ளையடிப்பும் முடிகிற வரை மேலே ஒட்டியிருக்கிற தாளைக் கிழிக்கக் கூடாது. எங்களை மாதிரிக் கடலுக்குப் பக்கம் இருந்தால், எவர்சில்வர் திருகாணி போடச் சொல்ல வேண்டும். இரும்புத் திருகாணி உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், தொட்டுக்கொண்டிருக்கிற அலுமினியத்தையும் கெடுக்கும்.

குறையும் சொல்கிறேன். மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். மேற்குப் பார்த்த ஜன்னலைச் சித்திரையில் மத்தியானம் தொட முடியவில்லை. வெளியே ஒரு ஓலைச் சாய்ப்பு இறக்கியிருக்கிறேன். இன்னொன்று, இது மின்சாரத்தைத் தின்று பிறந்த பொருள். ஒரு கிலோ எடுக்கச் சுமார் 14 யூனிட் ஆகும். எங்க ஜன்னல் ஒன்றில் 8 கிலோ என்று வைத்தால் 112 யூனிட். 2024-ல் ரெண்டு மாசத்துக்கு அரசாங்கம் வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்த 100 யூனிட்டைவிட அதிகம். பர்மாக் காட்டை வெட்டி என் தாத்தா வாசல் வைத்தார். கொல்லிமலை மாதிரி எங்கோ ஒரு மலையைத் தோண்டி நான் ஜன்னல் வைத்திருக்கிறேன். யாரும் ஒன்றும் இழக்காமல் வந்த வாசல் என்று ஒன்று இல்லை. ஒரு ஆறுதல், பழைய அலுமினியத்தை உருக்கித் திரும்பச் செய்ய, புதிதாக எடுப்பதில் இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். என் பேரன் இதைப் பிடுங்கினால் எடைக்குப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை. "எய்யா, தெறக்கச்ச சத்தமே இல்ல. யாரு வாரா, யாரு போறான்னு ஒண்ணும் தெரியல" என்கிறாள். அறுபது வருசமாக அந்த வேம்பு ஜன்னலின் கிறீச்சைக் கேட்டுப் பழகின காது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய ஜன்னலில் கரையான் படாத ஒரே ஒரு பலகை மிஞ்சியது. ஆசாரி அதில் அவளுக்கு ஒரு மணை செய்து கொடுத்தார். அதில் உட்கார்ந்து, புது ஜன்னல் வழியே தெருவைப் பார்க்கிறாள்.

தேக்குக் கதவில் வெள்ளம் நின்ற கோடு அப்படியே இருக்கிறது. பாலிஷ் போட்டால் போய்விடும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்து யாராவது இந்த வீட்டுக்கு எதையாவது மாற்றும்போது, தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தெரிந்துகொண்டு மாற்றட்டும்.

சென்னை நண்பர் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். திண்ணை அப்படியேதான் இருக்கு, வரட்டும்.